வடக்கே வெட்டு, தெற்கே கொட்டு

சிட்டம்மாக்காவைப் பற்றி அறுநூறு சொல்லில் எழுதித் தரும்படி எண்ணெய் கம்பெனி கேட்டது. அவர்களுடைய ஆண்டு அறிக்கையில் போடுவதற்காம். எழுதிக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். சந்தோஷத்துக்கு என்ன குறைச்சல்? அவளை நினைத்தாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் கேட்கிற சந்தோஷம் வேறு. அதனால் அந்த அறுநூறு சொல்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் என் தப்பும் உண்டு. பெயர் சுகிர்தா. தென்னேரிப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். சமூகப்பணி படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். எண்ணெய் கம்பெனிக்காரர்கள் தாங்களே ஏரியில் இறங்கி மண் வெட்ட மாட்டார்கள். சமூகப் பொறுப்பு நிதி என்று ஒதுக்கி எங்கள் நிறுவனத்திடம் கொடுப்பார்கள். நாங்கள் ஒரு கான்ட்ராக்டரைப் பிடிப்போம். அவர் ஜேசிபி கொண்டுவருவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று அளந்து, எழுதி, கையெழுத்துப் போடுவது நான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நாற்பது ஏக்கர் ஏரி, இரண்டு மடை. வடக்கே பெரிய மடை, ஊர்க்காரர்களின் கழனிக்கு. தெற்கே சின்ன மடை. அதன் வாய்க்கால் ஓடி ஓடி ஓய்ந்து நிற்கிற இடத்தில் காலனிக்காரர்களுக்குப் பதினோரு துண்டுக் கழனி. நில உச்சவரம்பில் எடுத்த நிலத்தை எண்பதுகளில் அரசாங்கம் பிரித்துக் கொடுத்தது. "வேற யாரும் கேக்காத எடம், அதான் நமக்கு குட்தாங்க" என்பாள் அக்கா. அவளுடையது எட்டாவது துண்டு, அரை ஏக்கர். ஊர்க்காரர்களுக்கு ஏரி வற்றினாலும் போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. இந்தப் பதினோரு பேருக்கும் சின்ன மடையை விட்டால் வேறு நாதி இல்லை. மடையில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் செங்கல் சூளை. அவ்வளவுதான்.

சிட்டம்மாக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் நாலாவதோடு சரி. மற்ற படிப்பெல்லாம் மண்வெட்டியும் கூடையும். கரை வேலை, ரோட்டு வேலை, அப்புறம் நூறு நாள் வேலை என்று முப்பத்துச் சொச்சம் வருஷமாக மண்ணிலேயே கிடந்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஒருமுறை நூறு நாள் வேலையில், ஒரு மணி வரைக்கும் யாரும் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக் கூடாது என்று மேற்பார்வை செய்தவர் சொன்னாராம். அக்கா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய நாற்காலியில் வைத்துவிட்டாள். "நீ நின்னுக்கினு இரு சார், தண்ணி குந்திக்கினு இருக்கட்டும்" என்றாள். அன்று முதல் எல்லாரும் தாகம் எடுத்தபோது குடித்தார்கள்.

மண் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் இந்தக் கதை புரியும். குழி வெட்டும்போது நடுவில் ஒரு மண் திட்டை மட்டும் வெட்டாமல் தூண் போல விட்டுவிடுவார்கள். சுற்றி எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அந்தத் திட்டின் உயரத்தை வைத்து அளப்பார்கள். அதற்குப் பெயர் சாட்சி. வேலை அளந்து முடிகிறவரை அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

பத்தொன்பது வயதில் சிட்டம்மாக்கா அதில் கை வைத்தவள். அவளும் அவள் கூட்டாளி சொக்கம்மாளும் இரண்டடி வெட்டிவிட்டுக் களைத்துப்போய், திட்டின் தலையில் நாலு கூடை மண்ணைக் கொட்டி மெழுகி, இரண்டே முக்கால் அடியாக்கிவிட்டார்கள். சந்தேகம் வரக் கூடாது என்று உச்சியில் புல்லைப் பிடுங்கி நட்டும் வைத்தார்கள். ஓவர்சியர் வந்தார். டேப்பை எடுக்கவில்லை. புல்லைப் பிடித்து இழுத்தார். வேரில்லாமல் கையோடு வந்தது. "யம்மா, மண்ணு பொய் சொல்லும், டேப்பு பொய் சொல்லும், வேரு பொய் சொல்லாது" என்று சிரித்துவிட்டுப் பாதிக் கூலி எழுதிவிட்டுப் போனார். இதை அக்கா என்னிடம் வெட்கமே இல்லாமல் சொன்னாள். சொக்கம்மாள்தான் முந்தானையில் வாயை மூடிக்கொண்டாள்.

போன மே மாதம் எண்ணெய் கம்பெனி இந்த ஏரியைத் தத்தெடுத்தது. தத்து என்கிற வார்த்தை அவர்களுடையது. எங்கேயோ இருக்கிற ஆலையில் அவர்கள் செலவழிக்கிற தண்ணீரைவிட அதிகமான தண்ணீரை நாட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதாக முதலீடு செய்கிறவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம். அதற்கு லிட்டர் கணக்குக் காட்ட வேண்டும். நாற்பது ஏக்கரை மூன்றடி தூர் எடுத்தால் பதினான்கு கோடி லிட்டர். கரையில் பெரிய பலகை நட்டார்கள். பயனாளிகள் குழு என்று ஒன்று வேண்டும் என்றார்கள். பதினோரு கழனிக்காரர்களையும் சேர்த்துக் குழு அமைத்துச் சிட்டம்மாக்காவைத் தலைவியாகப் போட்டேன். படத்துக்கு நன்றாக இருப்பாள் என்பதைத் தவிர அப்போது என் மனசில் வேறொன்றும் இல்லை. வேலை முடிந்தது என்று தலைவி கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி அந்த லிட்டரை அறிக்கையில் ஏற்ற முடியும். அதையும் நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

வேலை ஆரம்பித்த அன்றே அக்கா ஜேசிபி முன்னால் போய் நின்றாள். "சாட்சி உட்டு வெட்டு. உடாம வெட்டினா இங்கியே குந்திக்குவேன்." கான்ட்ராக்டர் மோகன்குமார் சிரித்தார். ஜேசிபி காலத்தில் சாட்சியா என்றார். ஆனாலும் அங்கங்கே திட்டுகளை விட்டார். அடுத்த வாரமே, பாதுகாப்பு என்று சொல்லி ஊர்க்காரர், காலனிக்காரர் யாரும் ஏரியில் இறங்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்.

நான் மட்டும் டேப்போடு போவேன். போன உடனே இளநீர் வரும். "மேடம், வெயில்ல நிக்காதீங்க" என்பார். தெற்கே நாலைந்து திட்டுகளை அளப்பேன், மூன்றடி சரியாக இருக்கும். வடக்கே இறங்கியதே இல்லை. அங்கேயும் மூன்றடிதான் மேடம் என்பார், எழுதிக்கொள்வேன். தெற்குக் கரையை ஒட்டி ரோடு இருப்பதால் லாரிகள் அந்தப் பக்கம் வரிசையாக நின்றன. மண் எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்றும் நான் கேட்கவில்லை. படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூலையில் வேலையைப் பார்வையிடக் கம்பெனியிலிருந்து அதிகாரி வெங்கடேசன் வந்தார். கணக்கைச் சரிபார்க்கிறதற்கென்று வெளி நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாவும் வந்திருந்தார். கயிறு அவிழ்க்கப்பட்டது. கரையில் பந்தல், சால்வை, சமோசா. முன்னாள் ஊராட்சித் தலைவர் கன்னியப்பன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தெற்குக் கரையை ஒட்டித்தான் அவருடைய இரண்டு போரும் இருக்கின்றன. வெங்கடேசன் கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல ஆழம், பிரமாதம்" என்றார்.

சிட்டம்மாக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். "சார், கீய வாங்க. மேல நின்னு பாத்தா எல்லா ஏரியும் அயகுதான்."

எல்லாரும் இறங்கினோம். சின்ன மடைக்கு நேர் கீழே போய் நின்றாள். மடையின் வாய் அவள் தலைக்கு மேலே ரெண்டு முழம் உயரத்தில் கிடந்தது.

"மூணு அடின்னு சொன்னீங்க. ஒம்போது அடி தோண்டி வச்சிக்கீறாங்க. இந்த பள்ளம் ரொம்பின பின்னாடிதான் மடைக்குத் தண்ணி ஏறும். நல்ல மய பேஞ்சா ஏறும். கொறஞ்ச மயைக்கு இன்னா பண்றது? பள்ளத்துல தண்ணி நிக்கும், எங்க பதினோரு கயனியும் அத்த பாத்துக்கினு காயும்."

மோகன்குமார் பதறவே இல்லை. "சார், இது ஆதியிலேயே பள்ளமான எடம். நாங்க வெட்டினது மூணு அடிதான். தோ, சாட்சி நிக்குது. இந்த அம்மாவே கேட்டு உட்ட சாட்சி. அளந்து பாத்துக்கங்க."

வெங்கடேசனே டேப்பைப் பிடித்தார். மூன்றடி, ஒரு அங்குலம் கூடக் குறையவில்லை. மோகன்குமார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அப்போது அக்காமேல்தான் எரிச்சல் வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

கன்னியப்பன் கரையிலிருந்தே குரல் கொடுத்தார். "இந்தா சிட்டம்மா, தானமா குட்த்த மாட்ட பல்ல புட்ச்சி பாக்கறதா? தண்ணி பூமிக்குள்ள எறங்கினா எல்லாருக்கும் நல்லதுதானே."

"பூமிக்குள்ள எறங்கின தண்ணிய எடுக்க உனக்கு ரெண்டு போர் கீது தலைவரே. எனக்கு இன்னா கீது?" என்றாள் அக்கா. "தானமா மாடு குட்த்தா நான் ஏன் பல்ல பாக்கறேன். என் மாட்டயே ஓட்டிக்கினு போயி, கறந்துட்டு, திருப்பி எனக்கே தானம்னு குட்த்தா பாக்க மாட்டனா?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தத் திட்டின் அருகே போய் அதன் உச்சியைக் கையால் தடவினாள்.

"சார், இதுக்கு தலையில புல்லு எங்க?"

வெங்கடேசனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"ஏரி காஞ்சா மேல புல்லு இருக்கும், கோரை இருக்கும், நண்டு வளை இருக்கும். மண்ணு கறுப்பா வெடிச்சிருக்கும். அதான் ஏரியோட மேல் தரை. சாட்சின்னா தலையில அது இருக்கணும். இது பாருங்க, மயமயன்னு மஞ்ச மண்ணு. ஒரு வேரு கீதா? ஆறு அடி தலைய சீவித் தள்ளிட்டு மிச்சத்த நிக்க வச்சிக்கீறாங்க. தலை இல்லாதவன் இன்னா சாட்சி சொல்லுவான்? வடக்க வாங்க, நெசமான சாட்சிய நான் காட்றேன்."

வடக்கே நடந்தோம். அங்கே திட்டுகளின் தலையில் காய்ந்த கோரை முள்ளு முள்ளாக நின்றது. பிடித்து இழுத்தாலும் வரவில்லை. உயரம் ஒரு அடி. அக்காவின் முழங்காலுக்குக் கூட வரவில்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "சுகிர்தா, நீதானம்மா அளந்த. நீயே சொல்லு."

எங்கள் நிறுவனத்து மேலதிகாரியும் அன்று வந்து அங்கேதான் நின்றிருந்தார். கண்ணாலேயே வேண்டாம் என்றார். என் சம்பளம், என் வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் ஒரு நிமிடம் வந்து போயின. அதைவிட அதிகமாக வந்தது வெட்கம். "தெற்கே தலை சீவின திட்டைத்தான் நான் அளந்தேன். எனக்கு அது தெரியவில்லை. வடக்கே நான் இறங்கவே இல்லை. இறங்காமலே மூன்றடி என்று எழுதினேன்" என்றேன். சொல்லி முடித்ததும் தலை லேசாகிவிட்டது.

சரிபார்க்க வந்த அம்மா அக்காவைப் பார்த்து, "இப்போ என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்று கேட்டார்.

"வடக்க வெட்டு, தெக்க கொட்டு" என்றாள் அக்கா. "வெட்டாத எடத்துல மூணு அடி வெட்டட்டும். அந்த மண்ண இந்தப் பள்ளத்துல கொட்டி மூடட்டும். மடை வரிக்கும் தரை ஏறட்டும். அவ்ளோதான் வேலை. அதுக்கு அப்பறம் கையெழுத்த பேசுவோம்."

தலைவி கையெழுத்து வரும்வரை லிட்டரைக் கணக்கில் ஏற்றக் கூடாது என்று அந்த அம்மா குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியால் பதினான்கு கோடி லிட்டரும் அந்தரத்தில் தொங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து வெங்கடேசன் அக்கா வீட்டுக்கே வந்தார், என்னையும் கூட்டிக்கொண்டு. கெட்ட மனிதர் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். மண்ணைத் திரும்பக் கொட்டுவது பெரிய பேஜார், மேலே பல பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக, "உங்க கழனியில தனியா ஒரு போர் போட்டு, சோலார் மோட்டாரும் வச்சுத் தர்றோம்மா. வேலை முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்து மட்டும்."

அக்காவின் புருஷன் சூளையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். முப்பது வருஷம் செங்கல் சுமந்தவருக்கு மோட்டார் என்றால் சும்மாவா.

"போருக்கு தண்ணி எங்கேர்ந்து சார் வரும்?" என்று கேட்டாள் அக்கா.

"ஏரித் தண்ணிதான். பூமிக்குள்ள ஊறி வரும்."

"அப்போ அந்த பள்ளத்துல நிக்கிற தண்ணிய நான் ஒருத்தி உறிஞ்சிக்கணும். மத்த பத்து பேரு என் மூஞ்ச பாத்துக்கினு நிக்கணும். அதானே? டீ குட்சிட்டு கெளம்புங்க சார்."

அவர் போன பிறகு புருஷன் குளிக்கப் போய்விட்டார். அக்கா என்னிடம், "ஆச இல்லன்னு நெனச்சிக்காத. மோட்டார் இருந்தா மூணு போகம் வெப்பேன். வயிறு எரியுது எனக்கு. ஆனா அத்த வாங்கிட்டு சொக்கம்மா மூஞ்சில எப்டி முயிப்பேன்?" என்றாள். சொக்கம்மாளுடையது பதினோராவது கழனி, வாய்க்காலின் வால்நுனி. புருஷன் இல்லை, முழங்கால் வாதம், சூளைக்குப் போகவும் முடியாது. பேசிக்கொண்டே அக்கா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கோபத்தில் வந்த அழுகை.

ஆகஸ்ட் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனியிலிருந்து மூன்று முறை கடிதம் வந்தது, கையெழுத்துக் கேட்டு. மூன்று முறையும், "வடக்க வெட்டு, தெக்க கொட்டு" என்று எழுதி அனுப்பச் சொன்னாள். அப்படியே எழுதி அனுப்பினேன், ஒரு எழுத்தை மாற்றாமல். கன்னியப்பன் ஆள் விட்டுப் பார்த்தார். உன்னால் ஊருக்கு வருகிற நல்லது கெடுகிறது, இனிமேல் எவன் உதவி செய்வான் என்றார்கள். "ஏரி கெட்டா ஊரு கெடும். எவன் செய்யலன்னா இன்னா, இத்தினி நாளு நாங்கதானே தூர் எடுத்தோம்" என்றாள். நடவு நட யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் மகள் வீட்டிலிருந்து அரிசி வந்தது.

செப்டம்பர் பத்தாம் தேதி ஜேசிபி திரும்பி வந்தது. அறிக்கைக்கு லிட்டர் வேண்டியிருந்தது, அதனால் வந்தது. அவர்களுக்கு ஞானம் வந்ததாக நான் எழுத மாட்டேன். மோகன்குமார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வடக்கே வெட்டினார்கள், தெற்கே கொட்டினார்கள். இந்தத் தடவை கயிறு கட்ட அக்கா விடவில்லை. பதினோரு வீட்டுப் பெண்களும் முறை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏரிக்குள்ளேயே நின்றார்கள். நானும் வடக்கே இறங்கினேன். ஒவ்வொரு திட்டையும் முதலில் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் டேப்பை எடுத்தேன். இளநீர் வரவில்லை.

மழை அந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில் நாலு நாள், கார்த்திகையில் ஒரு வாரம், அதோடு சரி. ஏரி பாதிதான் நிரம்பியது. சின்ன மடையின் வாய்க்கு மேலே ஒரு சாண் தண்ணீர் நின்றது. பள்ளம் அப்படியே இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் முழுக்க அதற்குள்ளேயே படுத்திருக்கும். கரையில் நின்று அந்த ஒரு சாணை எல்லாரும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பொங்கல் கழிந்து நவரைப் பட்டத்து நடவுக்கு மடை திறந்தார்கள். அன்று காலையே வெங்கடேசன் கையெழுத்துப் படிவத்தோடு வந்துவிட்டார். மதியத்துக்குள் சென்னைக்குத் திரும்ப வேண்டும், அன்றைக்கே அதை மேலே அனுப்ப வேண்டும் என்றார். அக்கா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றிருந்தாள். தண்ணீர் முதல் கழனியில் நுழைந்தது, இரண்டாவதில், மூன்றாவதில். வெங்கடேசன் வரப்பில் கூடவே நடந்தார், பேனாவைத் திறந்து பிடித்தபடி. எட்டாவது கழனிக்கு, அக்காவின் கழனிக்கு, வரும்போது பதினொன்றரை மணி. தண்ணீர் வெடிப்புகளில் சளசளவென்று இறங்குவதை அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மடை மாற்றி அடுத்த கழனிக்குத் திருப்பினாள்.

"உங்க நிலத்துக்கு வந்துடுச்சேம்மா" என்றார் வெங்கடேசன். படிவத்தை நீட்டினார்.

"எனக்கு வந்துச்சி. சொக்கம்மாளுக்கு இன்னும் வரல."

"அதுவும் வந்துடும்ல. எப்படியும் கொஞ்ச நேரத்துல..."

"வரும். வந்த பின்னாடி போடறேன். குந்துங்க சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ஈர வரப்பில் உட்கார்ந்தார்.

வாய்க்காலின் வாலில் தண்ணீர் நடக்காது, தவழும். ஒன்பதாவது கழனிக்கு ஒரு மணி ஆயிற்று. பத்தாவதுக்கு இரண்டரை. சொக்கம்மாள் தன் கழனி ஓரத்தில் முழங்காலை நீட்டி உட்கார்ந்தபடி எண்ணெய் கம்பெனி அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவருக்கு ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள், சாப்பிட்டார். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் பதினோராவது கழனியின் வரப்பை முட்டியது. அக்கா மண்வெட்டியால் ஒரே வெட்டு வெட்டினாள். உள்ளே போயிற்று. சொக்கம்மாள் கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

சிட்டம்மாக்கா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெங்கடேசனிடம் வந்தாள்.

"இப்ப குடு சார்" என்றாள்.